மெயில் சிக்னேச்சரில் படம்: ஓர் அளவு வேண்டாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி மெயில் முகவரியும் உருவாக்கியவர்கள் அடுத்து ஆசையாகச் செய்கிற வேலை, சிக்னேச்சர் அமைப்பது. நாம் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் பெயர், தொழில், போன் நம்பர் எல்லாம் தானாகவே வந்து நிற்குமே, அதுதான் சிக்னேச்சர். எழுத்தோடு நிறுத்திக் கொண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. லோகோ, போட்டோ, பொங்கல் வாழ்த்து, அசையும் ரோஜாப்பூ என்று படங்களைச் சேர்க்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இது அனுப்புகிறவருக்குத் தெரிவதில்லை. ஒருமுறை அமைத்துவிட்டால் பிறகு அவர் அந்தப் பக்கமே போவதில்லை. பெறுகிறவர்தான் ஒவ்வொரு மெயிலிலும் அதைச் சுமக்கிறார்.

ஒரு படம் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது வேறு, அதன் ஃபைல் எவ்வளவு பெரியது என்பது வேறு. 12 மெகாபிக்சல் போன் கேமராவில் எடுத்த போட்டோ 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் இருக்கும். ஃபைல் 3 எம்பி அளவுக்கு வரலாம். அதைச் சிக்னேச்சரில் போட்டு, மூலையை மவுஸால் பிடித்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்குகிறீர்கள். பல மெயில் புரோகிராம்களில் உள்ளே இருப்பது அதே 3 எம்பி ஃபைல்தான். 'இதை 150 பிக்சல் அகலத்தில் காட்டு' என்ற குறிப்பு மட்டும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். வேட்டியை எட்டாக மடித்தாலும் எடை குறையுமா?

குறையாதது மட்டுமல்ல, கூடவும் செய்யும். மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளை அனுப்புவதற்காக உருவான ஏற்பாடு. எனவே மெயிலோடு சேர்ந்து போகும் படத்தை 'பேஸ்64' என்ற முறையில் எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்புகிறார்கள். இந்த முறையில் 3 பைட் தகவல் 4 எழுத்தாக மாறுகிறது. 3 எம்பி படம் 4 எம்பியாகப் பயணம் செய்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். உங்கள் லோகோ 300 கேபி என்று வையுங்கள். மெயிலில் அது 400 கேபி. ஒரு நாளைக்கு 20 மெயில் அனுப்பினால் 8 எம்பி. 300 வேலை நாட்களுக்கு 2,400 எம்பி, அதாவது கிட்டத்தட்ட 2.4 ஜிபி. இத்தனையும் உங்கள் 'சென்ட்' பகுதியில் உட்கார்ந்திருக்கும். கூகுளின் இலவசக் கணக்கு என்றால் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். அது நிரம்பிவிட்டால் புது மெயில் வராது.

பதில்மேல் பதில் போகும்போது நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு பதிலும் பழைய மெயிலை முழுவதுமாகத் தூக்கிக் கொண்டு போனால், முதல் மெயிலில் ஒரு லோகோ, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3 என்று கூடும். பத்தாவது மெயில் வரும்போது மொத்தம் 55 லோகோ. விவரம் என்னவோ 'சரி, நாளைக்குப் பேசுவோம்' என்பதுதான்!

சிக்னேச்சருக்கு அளவு வேண்டும் என்பது புதிய யோசனையும் அல்ல. 'யூஸ்நெட்' காலத்திலேயே 4 வரிக்கு மேல் சிக்னேச்சர் கூடாது என்ற பழக்கம் இருந்தது. 1995 அக்டோபரில் வெளிவந்த 'ஆர்எஃப்சி 1855' என்ற இன்டர்நெட் நடத்தைக் குறிப்பும் இதையே சொன்னது. அதற்கு அது காட்டிய காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், உங்கள் மெயில் நீள நீள அவர்கள் செலவும் கூடும். நம் நாட்டில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது அதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். பின்னாளில் வந்த 56கே மோடத்தில்கூட 400 கேபி இறங்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். இன்று வேகம் கூடிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் மலைக்கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் மெயில் பார்ப்பவரும், டேட்டா தீர்ந்து போய் இருப்பவரும் இன்றும் இருக்கிறார்கள்.

வேகமான இணைப்பு இருந்தும் சிக்கல் வரும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் சித்தப்பா சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். காலண்டர் ஆர்டர் எல்லாம் இப்போது மெயிலில்தான். அவருடைய சிக்னேச்சரில் 4 படங்கள்: அச்சக லோகோ, ஒரு விருதுச் சான்றிதழ், குலதெய்வம், ஸ்கேன் செய்த கையெழுத்து. லோகோ மட்டும் 2 எம்பி. குறைக்கச் சொன்னேன்.

"தம்பி, 300 டிபிஐ இல்லேன்னா படம் உடைஞ்சிரும்ப்பா. இது எங்க தொழில்" என்றார்.

அச்சுக்கு அது சரி. 6 அங்குல லோகோ 300 டிபிஐ-யில் 1800 பிக்சல் அகலம் வரும், பேப்பரில் அது தேவை. மானிட்டருக்கு டிபிஐ கணக்கு கிடையாது. எத்தனை பிக்சல் என்பது மட்டும்தான் கணக்கு. நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

டிசம்பர் நெருக்கடியில் ஒரு கடைக்காரர், காலண்டரில் போன் நம்பர் மாறியிருப்பதைக் குறித்து, திருத்திய புரூஃபைப் படமாகவே மெயிலுக்குள் ஒட்டி அனுப்பியிருக்கிறார். அது ஆறாவது பதில். மெயிலின் அடியில் 'இமேஜ்001', 'இமேஜ்002' என்று வரிசையாக 23 படங்கள். அவற்றில் 22 படங்கள் சித்தப்பாவின் லோகோவும் குலதெய்வமும்தான், போன இடமெல்லாம் சுற்றித் திரும்பி வந்தவை. ஆபீஸ் பையன் 'எல்லாம் நம்ம படம்தான்' என்று விட்டுவிட்டான். பழைய நம்பரிலேயே பிளேட் போட்டாயிற்று. மெஷினில் ஏற்றுவதற்கு முன் கடைக்காரர் எதேச்சையாகப் போன் செய்ததால் பிளேட் செலவோடு போயிற்று. மறுநாள் சித்தப்பாவே கூப்பிட்டு, "அந்த அளவு என்னன்னு சொல்லு" என்றார்.

நான் சொன்ன அளவு இதுதான். ஒரே ஒரு படம். அகலம் 300 பிக்சல், உயரம் 100 பிக்சலுக்குள். ஃபைல் 30 கேபிக்குள். மேலே போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள், வருடத்துக்கு 2.4 ஜிபி என்பது 240 எம்பியாக இறங்கிவிடும். லோகோவுக்கு பிஎன்ஜி, போட்டோவுக்கு ஜேபெக். பிஎம்பி வேண்டவே வேண்டாம்; 300-க்கு 100 படம்கூட அதில் 88 கேபி ஆகும். அசையும் ஜிஃப் படமும் வேண்டாம். துக்கச் செய்திக்குப் பதில் எழுதும்போதும் அந்த ரோஜாப்பூ அடியில் ஆடிக்கொண்டிருக்கும்!

அளவைக் குறைக்கத் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. விண்டோஸில் உள்ள பெயின்ட் போதும். படத்தைத் திறந்து 'ரீசைஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். 'பிக்சல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'ஹாரிசாண்டல்' கட்டத்தில் 300 என்று கொடுங்கள். 'மெயின்டெயின் ஆஸ்பெக்ட் ரேஷியோ' தேர்வாகி இருக்கட்டும், இல்லாவிட்டால் முகம் சப்பையாகிவிடும். (பெயர்கள் விண்டோஸ் பதிப்பைப் பொறுத்துச் சற்று மாறலாம்.) பிறகு 'சேவ் ஆஸ்' மூலம் வேறு பெயரில் சேமியுங்கள். வெறும் 'சேவ்' கொடுத்தால் ஒரிஜினல் போட்டோவே சிறிதாகிவிடும், அதைத் திரும்பப் பெரிதாக்க முடியாது. சேமித்த ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் கேபி அளவு தெரியும்.

படத்துக்குள் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி, அதையே சிக்னேச்சராக வைப்பவர்களும் உண்டு. பார்க்க அழகு, பயன் குறைவு. படத்தில் உள்ள நம்பரைக் காப்பி செய்வது சிரமம், போனில் தொட்டு அழைக்கவும் முடியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிக்கும் சாஃப்ட்வேருக்கு அது வெறும் படம். மேலும் சில மெயில்களில் படம் மெயிலுக்குள் இருக்காது, வேறொரு சர்வரில் இருந்து வரும். அப்படி வெளியிலிருந்து வரும் படங்களை அவுட்லுக் போன்ற புரோகிராம்கள் நாம் அனுமதி தரும்வரை காட்டுவதில்லை. அப்போது உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம்தான் தெரியும். ஆகவே விவரங்கள் எழுத்தாகவே இருக்கட்டும்.

சித்தப்பாவின் நான்காவது படத்தை நான் அங்கேயே உட்கார்ந்து நீக்க வைத்தேன். சிக்னேச்சர் என்ற பெயரைப் பார்த்து, கையெழுத்தையே ஸ்கேன் செய்து போட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பலர். மெயில் போன இடமெல்லாம் உங்கள் கையெழுத்தின் நகல் போகிறது. யாரும் அதைக் காப்பி செய்து எந்தக் கடிதத்திலும் ஒட்டலாம். 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் டிஜிட்டல் கையெழுத்து வேறு சமாச்சாரம். அது கணித முறையில் உருவாகும் ஒரு சரிபார்ப்பு. ஸ்கேன் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஜிமெயிலில் மாற்ற, வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கர ஐகானைக் கிளிக் செய்து 'சீ ஆல் செட்டிங்ஸ்' செல்லுங்கள். 'ஜெனரல்' பக்கத்தில் கீழே இறங்கினால் 'சிக்னேச்சர்' இருக்கும். அங்கேயே புது மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். புது மெயிலுக்கு லோகோ வைத்த சிக்னேச்சர், பதிலுக்கு 'நோ சிக்னேச்சர்' என்று வையுங்கள். பக்கத்தின் கடைசியில் உள்ள 'சேவ் சேஞ்சஸ்' பட்டனை அழுத்த மறந்தால் எதுவும் மாறாது. முடிந்ததும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டரிலும் போனிலும் திறந்து பாருங்கள். போனில் உள்ள ஜிமெயில் ஆப்புக்கு சிக்னேச்சர் தனி, அதில் எழுத்து மட்டும்தான் வைக்க முடியும்.