பாலுறவு உயவுப் பொருள்

பாலுறவு உயவுப் பொருள் என்பது உடலுறவின்போது உராய்வைக் குறைக்கப் பூசப்படும் நீர்மம் அல்லது களிம்பு ஆகும். மருந்துக் கடைகளில் இது லூப்ரிகன்ட், ஜெல் என்னும் பெயர்களில் கிடைக்கிறது.

தேவை

மாதவிடாய் நின்ற பின்னரும், தாய்ப்பாலூட்டும் காலத்திலும், சில மருந்துகளை உட்கொள்ளும்போதும் யோனியின் இயல்பான ஈரம் குறைகிறது. யோனியைப் போல் குதம் தானாக ஈரமாவதில்லை. உலர்ந்த நிலையில் ஏற்படும் உராய்வால் வலியும் நுண்ணிய கிழிசல்களும் உண்டாகின்றன. அவற்றின் வழியே எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்க் கிருமிகள் எளிதில் உட்புகும். ஆணுறை கிழியும் வாய்ப்பும் கூடும்.

வகைகள்

நீர் சார்ந்தவை: எல்லா வகை ஆணுறைகளுக்கும் ஏற்றவை. எளிதில் கழுவலாம். விரைவில் உலர்வதால் மீண்டும் பூச வேண்டியிருக்கும்.

சிலிக்கோன் சார்ந்தவை: நீண்ட நேரம் வழுவழுப்பாக இருக்கும். இரப்பர் ஆணுறைக்குத் தீங்கில்லை.

எண்ணெய் சார்ந்தவை: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், குழந்தைகளுக்கான எண்ணெய் முதலியன. நிரோத் உட்பட இந்தியாவில் விற்கப்படும் பெரும்பாலான ஆணுறைகள் இரப்பர் பாலால் ஆனவை. எண்ணெய் பட்டால் இவை சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியாது. ஆகவே வீட்டில் எளிதாகக் கிடைக்கும் எண்ணெயே கருத்தரிப்புக்கும் நோய்த்தொற்றுக்கும் வழிவிடக்கூடும். பாலியூரித்தேன், நைட்ரைல் ஆணுறைகளை எண்ணெய் பாதிப்பதில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

உப்பிட்ட வெள்ளரிக்காய் நீர் விடுவது போல, செறிவு மிகுந்த ஜெல் உடற்செல்களிலிருந்து நீரை இழுத்து மென்படலத்தைப் புண்ணாக்கும். கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் ஆகியவை இச்செறிவைக் கூட்டுகின்றன. செறிவு கிலோவுக்கு 1200 மில்லி ஆஸ்மோலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு யோனிக்கு ஏறத்தாழ 4.5 ஆகவும், குதத்திற்கு 5.5 முதல் 7 வரையிலும் இருப்பது நல்லது.

தவிர்க்க வேண்டியவை

* நோனாக்சினால்-9 என்னும் விந்துக்கொல்லி கலந்தவை. அடிக்கடி பயன்படுத்தினால் மென்படலம் சிதைந்து எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடும்.
* மரத்துப்போகச் செய்பவை. இவை வலியை மறைப்பதால் காயம் தெரியாமற்போகும்.
* எரிச்சலூட்டும் நறுமணம், சுவையூட்டி கலந்தவை.
* உமிழ்நீர். விரைவில் உலர்ந்துவிடும்.

குழந்தைப்பேற்றை விரும்புவோர், விந்தணுக்களின் இயக்கத்தைத் தடுக்காதவற்றை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

உயவுப் பொருள் மட்டுமே கருத்தரிப்பையோ நோயையோ தடுக்காது. அதற்கு ஆணுறை தேவை. எரிச்சல், இரத்தக்கசிவு, தொடர்ந்த வலி இருந்தால் மருத்துவரை அணுகுதல் நலம்.