மாத வாடகைக் காரும் பேரமும்

கண்டிச் சந்தையிலே கத்தரிக்காய்க்கு இருபது ரூபாய் குறைத்துக் கேட்கும் நம்மவர், மாத வாடகைக்குக் கார் எடுக்கச் சென்றால் மட்டும், சொன்ன தொகைக்குத் தலையசைத்து விடுகின்றனர்.

கம்பளையில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். கண்டிப் பாடசாலையொன்றில் அவர் ஆசிரியர். முதிய தாயாரை வாரந்தோறும் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பஸ்ஸில் ஏற்ற இயலாத நிலை. சொந்தக் கார் வாங்கலாமெனில், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னரும், வரிச்சுமையால் விலை நெருங்க முடியாததாயிருக்கின்றது. ஆறு மாதத்துக்கு வாடகைக் கார் எடுப்பதே வழி.

தொகையைப் பற்றிப் பேசுமுன், அத்தொகைக்கு என்ன தருகின்றார்கள் என்று பார்த்தோம். நாளொன்றுக்கு 100 கிலோமீற்றர், மாதத்துக்கு 3,000. கம்பளையிலிருந்து கண்டி ஏறத்தாழ 20 கிலோமீற்றர். போய்வர 40, வேலை நாட்கள் 22 எனக் கொண்டால் 880. பேராதனையோ அவ்வழியிலேயே உள்ளது. மாதம் ஒருமுறை மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசித்து வந்தாலும் ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். ஓடாத இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு வாடகை கொடுப்பானேன்? “1,200 போதும், அதற்கேற்ற வாடகையைச் சொல்லுங்கள்” எனக் கேட்குமாறு கூறினோம். எல்லையைத் தாண்டினால் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கிடையில், இன்னொருவர் மிகக் குறைந்த வாடகைக்குத் தமது காரைத் தர முன்வந்தார். நண்பருக்குச் சபலந்தான். காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொன்னோம். அது சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுக்கப்பட்டது. வாடகைக்கு விட்ட நிலையில் விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டை மறுக்கக்கூடும். கடுகண்ணாவைபோன்ற வளைவுகள் உள்ள நாட்டில் அந்த மலிவு நமக்கு வேண்டாம்!

மீண்டும் முதலாமவரிடமே சென்றோம். அவருக்கும் கவலைகள் உண்டு. காரைத் தவணை முறையில் வாங்கியிருந்தார். மாதந்தோறும் பணம் கட்டியாக வேண்டும். வாடகையாளர் இல்லாத மாதமே அவருக்குப் பெருநட்டம். ஆதலால், ஆறு மாதம் உறுதி, ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி பணம் என்று நண்பர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. டயர், பிரேக் தேய்மானம் தம்முடைய பொறுப்பு என்றும் ஒப்புக்கொண்டார்.

எனினும் வாடகை இறங்கியது வேறொன்றினால். ஆகஸ்ட் மாதத்து எசலப் பெரஹராவின்போது வெளிநாட்டார் கண்டியில் நிறைந்திருப்பர்; அந்நாட்களில் கார் கையிலிருந்தால் அவருக்கு நல்ல வருமானம். அந்தப் பத்து நாட்களுக்குக் காரைத் திருப்பித் தருவதாக நண்பர் கூறவே, கேட்ட தொகையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது.

அப்பத்து நாட்களில் தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல, அயலிலுள்ள முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவரை நண்பர் இப்போதே பேசி வைத்திருக்கின்றார்.