நாற்பத்தாறு வயதில் நின்ற குரல்

சென்ற தை மாதம் எங்கள் செய்யூரில் ஒரு திருமணம். ஒலிபெருக்கியில் பழைய பாடல் ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. நடுவில் பாடகரின் குரல் திடீரென மேலே தாவி, உடைந்து, மீண்டும் கீழே இறங்கியது. "ஆடு கத்துவது மாதிரி இருக்கிறதே!" என்றேன். பந்தியே சிரித்தது. என் தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. "அது சந்திரபாபுடா" என்றார். அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஜே.பி.சந்திரபாபு 1927இல் தூத்துக்குடியில் பிறந்தார். விடுதலைப் போராட்ட வீரரின் மகன். இளமையைக் கொழும்பில் கழித்துப் பின்னர் சென்னைக்கு வந்து, 1947இல் 'தன அமராவதி' மூலம் திரையில் நுழைந்தார்.

நான் கேலி செய்த அந்தக் குரல்வித்தைக்கு 'யோடலிங்' என்று பெயர். நெஞ்சிலிருந்து எழும் கனத்த குரலிலிருந்து மெல்லிய பொய்க்குரலுக்கு நொடியில் தாவுவது. தாவும் இடத்தில் கேட்கும் உடைவை மறைக்காமல் அதையே அழகாக்குவது. ஆல்ப்ஸ் மலை இடையர்கள் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு இப்படித்தான் கூவி அழைத்தனர். அமெரிக்காவில் இதைப் புகழ்பெறச் செய்த ஜிம்மி ராட்ஜர்ஸ், 1933இல் காசநோயால் 35 வயதிலேயே மறைந்தார்.

1954இல் பில் ஹேலி, எல்விஸ் பிரெஸ்லி ஆகியோரின் இசைத்தட்டுகள் வெளிவந்தன. 'ராக் அண்ட் ரோல்' உலகெங்கும் பரவத் தொடங்கியது. நான்கு தட்டுகளில் இரண்டாவதிலும் நான்காவதிலும் அழுத்தம் விழுவதே அதன் துள்ளலுக்குக் காரணம். அந்தத் துள்ளலையும் யோடலிங்கையும் தமிழ்ச் சொல் சிதையாமல் பாடிக் காட்டியவர் சந்திரபாபு. 'புதையல்' (1957), 'மரகதம்' (1959), 'சகோதரி' (1959) படங்களின் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்புக்குள் ஒரு சோகம் ஒளிந்திருப்பது புலப்படும். 'சபாஷ் மீனா'வில் (1958) சிவாஜி கணேசனுடன் நடித்து, இரட்டை வேடத்தில் மக்களைச் சிரிக்க வைத்தார்.

ஆனால் வாழ்க்கை அவரைச் சிரிக்க விட்டதா? 1966இல் அவரே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' வெற்றி பெறவில்லை. வாய்ப்புகள் குறைந்தன, வறுமை சூழ்ந்தது. 1974 மார்ச் 8ஆம் நாள், 46 வயதில் மறைந்தார். 22 வயதில் விமான விபத்தில் இறந்த பட்டி ஹாலிக்கு உலகமே ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறது. சென்னைக் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் நம் கலைஞரை நாம் எத்தனை பேர் நினைக்கிறோம்?

திருமணம் முடிந்து திரும்பும்போது தாத்தா சொன்னார்: "உப்பளத்தில் வரப்புக்கு வரப்பு நாங்கள் கூவிக் கூப்பிடுவோம். குரல் அப்படித்தான் மேலே தாவும். அதையே பாட்டில் வைத்து ஒருநாள் பாடினேன். உன்னைப் போலவே எல்லாரும் சிரித்தார்கள். நான் நிறுத்திவிட்டேன். அவன் நிறுத்தவில்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய தாத்தாவிடம் அப்படி ஒரு பாட்டு இருந்ததை அன்றுவரை நான் அறியேன். பாடச் சொல்லிக் கேட்டேன். தொண்டை ஒத்துழைக்காது என்று மறுத்துவிட்டார்.

நண்பர்களே, நம் கல்லூரி மேடையில் யாரேனும் புதிதாக ஒன்றைப் பாட முன்வந்தால், சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் செவிகொடுப்போம். கேலியால் அடங்கிப்போன குரலைப் பின்னர் கேட்க விரும்பினாலும் கேட்க முடியாது.