படுத்தபடி பிறந்த உருவங்கள்

எகிப்தின் அக்மீம், அன்டினோ இடுகாடுகளின் வறண்ட மணல், காப்டிக் (எகிப்தியக் கிறிஸ்தவ மரபின்) அங்கிகளைப் பல நூற்றாண்டுகள் மட்காமல் காத்தது. அவற்றின் சித்திரங்களைப் பார்த்தால் பின்னால் தைத்துச் சேர்த்தவைபோல் தோன்றும். ஆனால் பல அங்கிகளில் துணியும் சித்திரமும் ஒரே தறியில் சேர்ந்தே பிறந்தவை. அது நடந்த விதம் இது.

1. நூல்: ஆளிச்செடியை வேரோடு பிடுங்கி, நீரில் ஊறவைத்து, அடித்து நாரெடுத்து நூற்பார்கள். ஆளி நாரில் சாயம் எளிதில் ஏறாது. ஆகவே துணியின் உடல் அதன் வெளிர்நிறத்திலேயே இருக்கும். வண்ணத்துக்குக் கம்பளி நூல். மஞ்சிட்டி இனத்து வேரில் சிவப்பு, அவுரிச் சாயத்தில் நீலம். இரண்டிலும் தோய்த்தால் ஊதா. கடல்நத்தையிலிருந்து எடுத்த விலையுயர்ந்த ஊதாவுக்கு அது ஏழையின் மாற்று.

2. பாவு: விரித்துப் போட்டால் அங்கி சிலுவை வடிவில் இருக்கும். அகலமான தறியில் பாவை, அதாவது நெடுக்கு இழைகளை, விரித்து, அங்கியின் ஒரு கையில் தொடங்கி, உடலை நெய்து, மறு கையில் முடிப்பார்கள். கழுத்துக்கு நடுவில் ஒரு பிளவு விட்டால் போதும். கத்தரிக்கு வேலை குறைவு.

3. உருவத் தேர்வு: மீன், வாத்து, தாமரை எல்லாம் நைலின் வளம். கிரேக்க மதுக் கடவுள் டயோனிசஸின் திராட்சைக் கொடி கிறிஸ்தவர் கையில் கிறிஸ்துவின் கொடியானது. பழைய எகிப்தின் உயிர்க்குறியான அங்க், தலையில் வளையமுள்ள சிலுவையாக வாழ்ந்தது. வடிவம் அதேதான், பொருள் மட்டும் மாறியது.

4. சித்திர நெசவு: உருவம் வரும் இடத்தில் குறுக்கே ஓடும் ஆளி ஊடையை நிறுத்தி, பாவு இழைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நிறக் கம்பளி ஊடையும் தன் பரப்புக்குள் மட்டும் போய்த் திரும்பும். நெருக்கி அடிக்க அடிக்கப் பாவு மறைந்து நிறம் மட்டும் தெரியும். தோளிலிருந்து இறங்கும் பட்டைகளும், தோளிலும் முழங்காலருகிலும் அமையும் வட்டங்களும் சதுரங்களும் இப்படித்தான் எழும்பும். தறியில் நெய்தது ஒரு வாக்கில், உடுத்துவது வேறு வாக்கில். அதனால் ஆடும் பெண்ணின் உருவத்தைக்கூட நெசவாளர் படுத்தவளாகவே நெய்ய வேண்டும்.

5. கோடு: ஊதாப் பரப்பின் மேல் மெல்லிய ஆளி நூலைத் தாவவிட்டுக் கண், ஆடை மடிப்பு, இலை நரம்பு ஆகியவற்றை வரைவார்கள்.

6. தையல்: தறியிலிருந்து இறக்கி, தோளில் மடித்து, பக்கங்களைத் தைத்தால் அங்கி தயார்.

உடுத்தியவர் நிமிர்ந்தபோதுதான் அந்த ஆடல் பெண் முதன்முறையாக எழுந்து நின்றாள். அவரைப் புதைத்தபோது மறுபடியும் கூடவே படுத்துக்கொண்டாள்.