நகையை அடகு வைக்கும் முன்

வீட்டில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்று தெரிந்ததும் முதலில் வெளியே போவது நகை. காகிதங்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான். புற்றுநோயோ, மாரடைப்போ, சிறுநீரகம் பழுதானதோ, எதுவானாலும் முதல் இரண்டு மூன்று நாள் பதற்றத்தில் வாங்கும் கடன்தான் குடும்பத்தை நெடுங்காலம் அழுத்துகிறது.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போகிறோம். நோயாளியின் மனைவியோ மகனோ கட்டிலை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பதிலாக ஒருவர் அலுவலகங்களுக்கு ஓடினால், கையில் திணிக்கும் ஐந்நூறு ரூபாயைவிட அது பெரிய உதவி.

முதல் ஓட்டம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்தான். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் வேண்டும்; அட்டைக்கான மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு இங்கேதான் சிக்கல் வரும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயரும் பிறந்த குழந்தையின் பெயரும் பல வீடுகளில் சேர்க்கப்படாமலே கிடக்கின்றன. அட்டை இல்லாமலே படுத்துவிட்டாலும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வழி கேளுங்கள்.

அட்மிஷன் கவுண்டரில் நடப்பதைக் கவனியுங்கள். "அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க" என்று ஒரு சீட்டை நீட்டுவார்கள். அந்த அம்மாளின் கை தானாகக் காதுத் தோட்டுக்குப் போகும். அந்த நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவர் கேட்க வேண்டிய கேள்வி இது: "இந்த வியாதிக்கு இந்த ஆஸ்பத்திரி காப்பீட்டுத் திட்டத்துல இருக்கா?" பொதுவாக இருக்கிறதா என்று கேட்டால் போதாது. இதய சிகிச்சைக்குச் சேர்ந்திருக்கும் மருத்துவமனை புற்றுநோய்க்குச் சேராமல் இருக்கலாம். இது கட்டணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம். பணம் கட்டி எல்லாம் முடிந்தபின் அட்டையைக் கொண்டுபோனால் கட்டியது திரும்பும் என்று நம்ப வேண்டாம். அனுமதி வந்த சிகிச்சைக்கே தனியாகப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.

உயிர் ஊசலாடும்போது பணத்துக்காகக் காக்க வைக்கக் கூடாது. அவசர நிலையில் உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை விபத்தென்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கு வருமான வரம்பு கிடையாது.

பில் பாக்கிக்காக நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம். பாக்கி பாக்கிதான், அதை வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆளைப் பிடித்து வைப்பது அந்த வழி அல்ல. மறித்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம். மருந்தை வெளியே விருப்பப்பட்ட கடையில் வாங்கிக்கொள்ளவும், வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கவும் அதே சாசனம் உரிமை தருகிறது. கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டு வாங்கி, ஸ்கேன் படங்களோடு ஒரே பையில் வையுங்கள். சிகிச்சையில் தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் அந்தப் பைதான் சாட்சி. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் 15100-ஐ அழைத்து இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

கடன் விஷயத்தில் அவமானம்தான் பாதிப் பாரம். குழுக் கடன் வாங்கியவர் தவணை கட்டத் தவறினால் வாசலில் வந்து சத்தம் போடுவதைப் பலரும் விதி என்று பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்கத் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்குத் தரும் நுண்கடனில் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்தே வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. மருத்துவச் சான்றை இணைத்து, தவணையைத் தள்ளிவைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகலும் வாங்குங்கள். கந்துவட்டியை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது.

இன்னொன்று, அடிக்கடி விட்டுப்போவது: ரயில் கட்டணம். சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம். கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. திருநெல்வேலியிலிருந்து அடையாறு மருத்துவமனைக்கு மாதாமாதம் வரும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. மருத்துவர் கையெழுத்திட்ட சலுகைப் படிவத்தை முன்பதிவு கவுண்டரில் கொடுத்தால் போதும். வரிசையில் நிற்க அந்த வீட்டில் ஆள் இருக்காது; நீங்கள் போய் நில்லுங்கள்.