வன்னியின் வாடையும் முகப்பில்லாக் குளிரும்: 2022 டிசெம்பர் நிகழ்வை முன்வைத்து ஒரு விளக்கம்

இடைவெப்ப நாடுகளில் இலையுதிர்காலத்து வானிலை அறிக்கை பெரும்பாலும் 'குளிர்முகப்பு' ஒன்றைப் பற்றியதாகவே அமைகின்றது. முகப்பு எப்போது கடக்கும், அதன்பின் வெப்பநிலை எவ்வளவு இறங்கும், காற்று எத்திசைக்குத் திரும்பும், கடல் எத்தனை நாள் கொந்தளிக்கும் என்பனவே அங்கு மீனவரும் உழவரும் கேட்கும் வினாக்களாகும். நம் நாட்டுப் பாடசாலைப் புவியியல் நூல்களிலும் இம்முகப்புகள் விளக்கப்பட்டுள்ளன. ஆயின், அயனமண்டலத்தில் அமைந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களுக்கு அவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும்? இங்கு முகப்பு வருவதில்லை என்பது உண்மையே. எனினும் வடக்கின் குளிர் வேறு வழியாக வருகின்றது. சிலவேளை உயிர்களையும் கொண்டு போகின்றது. 2022 டிசெம்பரில் நிகழ்ந்தது அதற்குச் சான்றாகும். அந்நிகழ்வை முன்வைத்து, வன்னியின் மாரிக்கால வானிலையையும் கடல்நிலையையும் விளக்க இக்கட்டுரை முயல்கின்றது.

முகப்பு என்பது யாது?

வெப்பநிலையாலும் ஈரப்பதத்தாலும் வேறுபட்ட இரு வளித்திணிவுகள் சந்திக்கும் ஒடுங்கிய எல்லையே முகப்பு எனப்படும். முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் நோர்வேயின் பேர்கன் நகரிலிருந்து ஆய்வு நடத்திய பியர்க்னெசு குழுவினர் இக்கருத்தை நிலைநாட்டினர். போர்க்களத்தில் இரு படைகள் எதிர்நிற்கும் முனையை ஒத்ததாக அவர்கள் இதனைக் கண்டமையாலேயே அப்பெயர் வழங்கலாயிற்று. முன்னேறும் குளிர்வளி பாரம் மிக்கதாகையால் நிலத்தை ஒட்டிச் சென்று, வெப்பவளியை ஆப்புப்போல் மேலே தள்ளுகின்றது. முகப்புக் கடந்ததும் ஒருசில மணித்தியாலங்களிலேயே வெப்பநிலை திடீரென வீழ்ச்சியடைகின்றது.

இவ்வமைப்பு நிலைபெறுவதற்குக் குளிருக்கும் வெப்பத்துக்கும் இடையே கூரிய வேறுபாடு இருத்தல் வேண்டும். வட அகலக்கோடு 9 பாகையை அடுத்துள்ள வன்னியில் அவ்வேறுபாடு எஞ்சுவதில்லை. மாரிகாலத்திற் சைபீரியாவின் மேல் உருவாகும் உயரமுக்கத்திலிருந்து புறப்படும் கடுங்குளிர் வளியை இமயம் பெரும்பாலும் மறித்துவிடுகின்றது. வட இந்தியச் சமவெளியிற் குளிர்ந்து தென்திசை பெயரும் வளியோ வங்காள விரிகுடாவின் மீது ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் பயணஞ் செய்கின்றது. அப்பயணத்தில் இளஞ்சூடான கடல்நீர் அதற்கு வெப்பத்தையும் நீராவியையும் அளிக்கின்றது. ஆகவே, குளிர்ந்து வறண்டு புறப்பட்ட காற்று முல்லைத்தீவுக் கரையை அடையும்போது ஈரமிக்க காற்றாகி விடுகின்றது. அதுவே நாம் வாடை என அழைக்கும் வடகீழ்ப் பருவக்காற்றாகும். வாடை மழையைத் தருவதற்கும், கடுங்குளிரைத் தராமைக்கும் கடலே காரணம் எனலாம்.

மழையின் ஒழுங்கு

ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாம் இடைப்பருவக் காலமாகும். அயன இடை ஒருங்கல் வலயம் தெற்கு நோக்கி நகரும் இக்காலத்திற் பிற்பகல் இடிமழை மிகுதியாகும். வங்காள விரிகுடாவிற் தாழமுக்கங்களும் தோன்றத் தொடங்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும். வன்னியின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே பெய்து விடுகின்றது. காலபோக விதைப்பும், இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் நிரம்பலும் இம்மழையையே நம்பியுள்ளன.

வாழ்வளிக்கும் அம்மழையே புயலோடு சேரும்போது அழிவாகின்றது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்கு முன் வவுனியாப் பகுதியைக் கடந்தே சென்றது. 2008 நவம்பர் இறுதியில் 'நிஷா' புயலின் பெருமழை, போரினால் இடம்பெயர்ந்து தறப்பாட் கொட்டில்களில் இருந்த வன்னி மக்களை நனைத்தது. 2018 டிசெம்பரிற் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பெருவெள்ளத்தில் மூழ்கின. 2020 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு 'புரெவி' திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னியின் ஊடாக மன்னார்க் குடாவை நோக்கிச் சென்றது. இவை யாவற்றிலும் மக்கள் அஞ்சியது காற்றுக்கும் வெள்ளத்துக்குமே ஆகும். குளிருக்கு அஞ்ச வேண்டும் என்பதை 2022 உணர்த்திற்று.

2022 டிசெம்பரில் நிகழ்ந்தது

அவ்வாண்டு டிசெம்பர் முதல் வாரத்தில் தென்கிழக்கு வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் 'மாண்டஸ்' என்னும் புயலாக வலுப்பெற்றது. அது வடமேற்கு நோக்கி நகர்ந்து, 9ஆம் நாள் இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அண்மையிற் கரையைக் கடந்தது. அதன் மையம் வன்னியை அணுகவேயில்லை. ஆயினும் வட, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாள்களுக்குள் மாண்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் இழப்பு பெரிது. கடுங்குளிரின் தாக்கமே காரணமெனக் கால்நடைத் துறையினர் கண்டனர்.

கடலால் இளஞ்சூடாக்கப்பட வேண்டிய காற்று எவ்வாறு குளிராகவே வந்தது? வட அரைக்கோளத்திற் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. எனவே புயலின் மையம் நமக்கு வடகிழக்கே கடலில் நிற்கும்போது, அதன் மேற்குப் புறத்தில் உள்ள நமக்கு வடக்கிலும் வடமேற்கிலும் இருந்து காற்று வீசும். வழக்கமான வாடை கடல்வழியே வருவது. இக்காற்றோ இந்திய நிலப்பரப்பின் வளியை இழுத்துக்கொண்டு, கடலிற் குறுகிய தூரமே கடந்து வந்தது. கடல் அதனைச் சூடாக்கப் போதிய காலம் கிடைக்கவில்லை. இதற்கு வேறொரு சான்றும் உண்டு. அந்நாள்களில் இலங்கையின் பல பகுதிகளில் வளிமண்டலம் மாசுத்துகள்களால் மங்கி, டிசெம்பர் 9ஆம் நாள் பாடசாலைகளும் மூடப்பட்டன. இந்தியாவிலிருந்து மாசைக் கொணர்ந்த அதே காற்றே குளிரையும் கொணர்ந்தது.

எனினும், வெப்பமானி காட்டும் அளவு மட்டும் இவ்விறப்புகளை விளக்கப் போதாது. ஈரம், காற்று, பசி என்னும் மூன்றும் குளிரோடு கூடின. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. மழையில் நனைந்த மாட்டின் தோலிலிருந்து பலத்த காற்று நீரை ஆவியாக்கும்போது, அவ்வெப்பத்திற் பெரும்பங்கு அதன் உடலிலிருந்தே எடுக்கப்படுகின்றது. நம் நாட்டு மாடுகள் வெப்பத்தைத் தாங்கும் இயல்பின. அவற்றுக்குத் தடித்த உரோமமோ தோலடிக் கொழுப்போ மிகுதியாக இல்லை. இரைப்பையில் தீனி நொதிக்கும்போது பிறக்கும் வெப்பமே அவற்றின் அகத்தீயாகும். காலபோகம் விதைத்தபின் மாடுகள் வயல்வெளியை விட்டுக் காட்டோரங்களுக்கு ஓட்டப்படுகின்றன. மேய்ச்சற்றரை குறைவு, உள்ளதும் மாரியில் நீர் நிற்பது. பட்டிகளோ பெரும்பாலும் கூரையற்ற வெறும் அடைப்புகள். அரைவயிற்றுடன் சேற்றில் நனைந்து நின்ற கன்றுகளும் மெலிந்த மாடுகளும் அக்காற்றுக்கு ஈடுகொடுக்க இயலாமற் போயின.

இரு கரைகள், இரு கடல்கள்

காற்றின் திசை மாறும்போது கடலின் நிலையும் மாறுகின்றது. அலையின் உயரம் காற்றின் வேகம், அது வீசும் கால அளவு, தடையின்றி நீர்ப்பரப்பின் மேல் அது கடக்கும் தூரம் ஆகிய மூன்றையும் பொறுத்ததாகும். வாடை வீசும்போது கொக்கிளாய் முதல் சுண்டிக்குளம் வரையான கிழக்குக் கரைக்கு முன்னால் வங்காள விரிகுடா முழுவதும் திறந்து கிடக்கின்றது. ஆகவே அங்கு நீண்டு உயர்ந்த அலைகள் எழுந்து, கரைவலை இழுத்தலும் வள்ளம் இறக்குதலும் பல நாள்கள் தடைப்படுகின்றன.

மேற்கே பூநகரி, நாச்சிக்குடாக் கரையை அணைத்துள்ள பாக்கு நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. யாழ்ப்பாணக் குடாநாடும் வன்னி நிலமும் வாடையின் வேகத்தை ஓரளவு தணிப்பதால், கிழக்குக் கடல் கொந்தளிக்கையிலும் இங்கு தொழில் நடைபெறுவதுண்டு. ஆனால் புயலால் காற்று வடமேற்குக்குத் திரும்பினால் இந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். ஆழமற்ற நீரில் குறுகிய, செங்குத்தான அலைகள் விரைவில் எழுந்து சிறு வள்ளங்களைக் கவிழ்க்கக் கூடியனவாகும். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றைத் திசைதோறும் பெயரிட்டு அறிந்த மீனவர்க்கு, வேகத்தைவிடத் திசையே முதற் செய்தியாவது இதனாலேயே ஆகும்.

கடலுக்கும் குளத்துக்கும் இடையிலான தொடர்பும் கருதத்தக்கது. குளங்கள் வான்பாயும்போது வெளியேறும் நீர், பேராற்றின் வழியே நந்திக்கடலையும், கனகராயன் ஆற்றின் வழியே சுண்டிக்குளம் நீரேரியையும் அடைகின்றது. முகத்துவாரத்தை மணற்றிட்டு மூடியிருந்தாலோ, கடல்மட்டம் புயலால் உயர்ந்திருந்தாலோ அந்நீர் வடிவது தாமதமாகித் தாழ்நிலங்கள் மூழ்குகின்றன. எனவே காற்றறிவிப்பு வெள்ள அறிவிப்பும் ஆகின்றது.

முடிவுரை

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கை முழுவதையும் உலுக்கி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபின், முன்னறிவிப்பின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவிப்பு என்பது மழையின் மில்லிமீற்றரும் காற்றின் கிலோமீற்றரும் மட்டுமன்று. "நாளை இரவு காற்று வடமேற்குக்குத் திரும்பும்; மழையுடன் குளிரும்; கன்றுகளையும் மெலிந்த மாடுகளையும் காற்றுமறைவான மேட்டிற் கட்டி, வைக்கோல் இடுக; மேற்குக் கரையோர் வள்ளங்களைக் கரையேற்றுக" என ஒரு சொற்றொடர் முன்னிரவே பட்டிக்காரரையும் மீனவரையும் அடையுமாயின், அது பல குடும்பங்களின் முதலைக் காக்கும்.

ஓலைக்கூரையோ தறப்பாள் மறைப்போ உள்ள ஒரு பட்டி, சிறுபோக அறுவடையின்போதே சேமித்த வைக்கோல், மாரியிலும் நீர் நில்லாத மேட்டு மேய்ச்சல்நிலம் ஆகியன பெருஞ் செலவின்றி ஆகக்கூடியவை. முகப்பு இல்லாத நாட்டிற் குளிரும் இல்லை என்று எண்ணியிருந்தோம். புயல் எங்கோ கடக்கின்றது என்று கேள்வியுறும்போது, அது எத்திசைக் காற்றை நம்மிடம் அனுப்புகின்றது என்று கேட்கப் பழகுவதே அந்நிகழ்விலிருந்து வன்னி பெறத்தக்க படிப்பினையாகும்.