பிடித்த அதிர்வெண்ணை விடாமல் வைத்திருப்பது எப்படி?

1939 முதல் ஒலிக்கும் திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 9,36,000 அலைவுகள். ஸ்ரீரங்கத்தில் ஒரு மின்சுற்று அதைப் பிடித்து, அலை நின்ற பிறகும் அதே வேகத்தில் துடிக்க முடியுமா?

முடியும். மின்னழுத்தத்துக்கேற்ப வேகம் மாறும் அலையியற்றி ஒன்று உள்ளே இருக்கும். கட்ட ஒப்பீட்டுச் சுற்று வரும் அலையையும் அலையியற்றியின் அலையையும் ஒப்பிட்டு, நம்முடையது பிந்தினால் அழுத்தத்தைக் கூட்டும், முந்தினால் குறைக்கும். 1932-இல் பிரெஞ்சுப் பொறியாளர் பெல்லிசீஸ் விளக்கிய இந்த யோசனை இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

அலை மறைந்ததும் ஒப்பீட்டைத் துண்டித்தால், அந்த அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கியில் அதன் கடைசி அளவு தங்கும், அதிர்வெண்ணும் தங்கும். ஆனால் மின்தேக்கி கசியும், அதிர்வெண் மெல்ல விலகும். நெடுநேரம் வேண்டுமென்றால், ஒரு விநாடியில் வரும் அலைவுகளை எண்ணி நினைவகத்தில் எழுதிவைப்பதே மேல். பிறகு குவார்ட்ஸ் படிகத்தின் துணையோடு அதே அதிர்வெண்ணை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம்.